ஒஸ்தா மாமா

கல்முனைக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடந்த அந்த ஊரில் போய் அச்சிமுகம்மது வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கைகாட்டியிருப்பார்கள். ஒஸ்தா வீடு என்று கேட்டால் தவழுகிற பிள்ளைகூட வழி சொல்லும். ஐம்பது வயதுக்குள் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் பெற்ற உம்மாவும் வாப்பாவும்தான். அவர்களும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்க் கனகாலம்.

சுன்னத்துச் செய்கிறவர் அவர். தலை வழிப்பது, தாடி ஒதுக்குவது, பிறந்த பிள்ளைக்கு முடி இறக்குவது எல்லாமும் அவர்தான். சுன்னத்துக் கலியாண வீட்டில் புதுச் சாரன் உடுத்த பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்திப் பிடித்துக்கொள்வார். அச்சிமுகம்மது குனிந்து, பிள்ளையின் கன்னத்தைத் தடவி, "பயப்புடாதீங்க மகன், நான் உங்கட ஒஸ்தா மாமா. மேல பாருங்க, கூரையில கிளி" என்பார். பிள்ளை கிளியைத் தேடி முடிக்குமுன் வேலை முடிந்திருக்கும். அந்த ஊரில் மீசை முளைத்த ஆண்கள் எல்லாரும் ஒருதரம் அந்தக் கிளியைத் தேடியவர்கள்தான்.

அவர் மனைவி பாத்தும்மா பிள்ளைப்பேறு பார்க்கிறவள். ஆகவே ஊர் வந்து விழுந்தது அவள் கையில், சுன்னத்தானது இவர் கையில். இந்த இரண்டு சோடிக் கைகளுக்கும் ஊர் கொடுத்த மரியாதை என்னவென்றால், அவற்றோடு சேர்ந்து ஒரு சஹனில் கை வைக்காமல் இருந்தது.

சஹன் என்பது பெரிய தட்டம். கலியாணம், கந்தூரி எதுவானாலும் சோற்றைக் குவித்து, கறியை நடுவில் வைத்து, ஆறு பேர் சுற்றிவரக் குந்தி ஒன்றாகத் தின்பார்கள். பணக்காரனும் கூலிக்காரனும் ஒரு சஹனில் கை போடுவதைப் பற்றி ஊருக்கு வெகு பெருமை. வெளியூர் ஆட்கள் வந்தால் அதைத்தான் முதலில் சொல்லிக் காட்டுவார்கள். ஒஸ்தா அதில் இருக்கக் கூடாது என்று எவனும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் குந்தினால் அந்தச் சஹன் நிரம்பாது, அவ்வளவுதான். ஒருவனுக்குக் கால் மரத்துப் போகும், இன்னொருவனுக்கு அந்தப் பக்கம் மச்சான் கூப்பிடுவது கேட்கும். அதனால் அவர் குந்துவதை விட்டுவிட்டு, பின்வளவில் பாத்தும்மாவோடு நின்று ஒரு சட்டியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அப்படியே பழகிப்போனார். பழகியது என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஸுல்பிகா. அந்தக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பான். அச்சிமுகம்மதுவும் மகளுக்கென்று இரண்டு அறையில் கல்வீடு கட்டி வைத்திருந்தார். வீடு இருந்தது. வந்து குடியிருக்கத்தான் ஆளில்லை. ஒஸ்தா வீட்டில் குடியிருந்து, ஒஸ்தாவின் மருமகன் என்று பெயர் வாங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போக எவன் வருவான்.

நூஹு வந்தான். மருதமுனைப் பொடியன், நெசவுகாரன். இந்த ஊரில் தறி போட்டிருந்த ஒருவரிடம் வேலைக்கு வந்து, கிழமைக்கு ஒருதரம் சவரத்துக்கு அச்சிமுகம்மதுவின் வளவுக்கு வருவான். சவரம் முடிந்தும் எழும்பாமல் இருப்பான். தண்ணீர்ச் செம்பு கொண்டுவந்து வைக்கிற ஸுல்பிகாவை அவன் பார்ப்பதைப் பாத்தும்மா கண்டுகொண்டாள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்று நேரே கேட்டாள். அவன் வெட்கத்தோடு ஓம் என்றான்.

அவனுடைய உம்மா, விதவை. உம்மு என்று பெயர். கெட்டவள் அல்ல, பயந்தவள். பாத்தும்மா வெற்றிலை வட்டாவோடு மருதமுனைக்குப் போய்க் கேட்டபோது அவள் ஒரு வழி சொன்னாள்.

"புள்ளயப் பத்தி எனக்கு ஒரு குறையுமில்ல. நிக்காஹ இஞ்ச வெச்சு ஓதுவம். புள்ள எங்கட வீட்டுல வந்து இரிக்கட்டும். ஆர்ர மகள் எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் செல்லத் தேவல்ல. நீங்களும் அவரும் மட்டும் அடிக்கடி வராம இரிந்தாக் காணும்."

பாத்தும்மா அதைச் சுமந்துகொண்டு வந்து புருசனிடம் சொன்னாள். பெற்ற மகளை ஒளித்துக் கொடுப்பது என்பது எந்தத் தாய்க்கும் கசக்கும். ஆனால் அவள் எத்தனையோ பிரசவம் பார்த்தவள், தாய் பிழைக்கவேண்டுமானால் என்னென்னவெல்லாம் விடவேண்டும் என்று அறிந்தவள். ஸுல்பிகா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவு அவள் சோறு போடும்போது முகத்தில் இருந்த வெளிச்சத்தை அச்சிமுகம்மது கண்டார். சரி என்று சொல்லியனுப்பவும் நினைத்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வராமல் இருந்திருந்தால் சொல்லியனுப்பியுமிருப்பார்.

ஊர்ப் பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்திருந்தார் ஸைனுலாப்தீன் மௌலவி. பாலமுனைக்காரர், இந்தியாவில் மார்க்கக் கல்வி ஓதிவிட்டு வந்தவர், வயது முப்பதும் இராது. நல்ல மனம், நீளமான நாக்கு. அந்த ஜும்ஆப் பிரசங்கத்தில் அவர் நாக்கைப் பற்றியே பேச எடுத்தார். சொற்கள் எப்படித் தேய்ந்து வேறு கருத்தாகிப் போகின்றன, அதில் மனிதனின் பாவம் எவ்வளவு என்று விளக்கினார். நாற்றம் என்றால் முன்காலத்தில் நல்ல வாசம் என்றார். சனம் சிரித்தது. பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்.

"நாம இளக்காரமா ஒஸ்தா எண்டு செல்றமே, அது உஸ்தாத். படிச்சிக் குடுக்கிறவர், தொழிலில தேர்ந்தவர் எண்டு கருத்து. எனக்கு ஓதித் தந்தவங்கள நான் அந்தச் சொல்லாலதான் கூப்பிட்டன். மரைக்கார் எண்ட சொல்லு மரக்கலம் ஓட்டின ஆக்கள்ற பேர் எண்டு செல்லுவாங்க. தண்டு வலிச்ச கையிர பேர் ஏறி வந்து பள்ளிக்குள்ள முன்சப்புல குந்திட்டு. உஸ்தாத்ட பேர் இறங்கிப்போய் செருப்புக் கழட்டுற இடத்தில நிக்கிது. ஏத்தினதும் நாமதான், இறக்கினதும் நாமதான்."

முன்சப்பில், முதல் வரிசையில், இருந்தவர் ஹமீட் மரைக்கார். பள்ளியை நடத்துகிறவர், வயல்காரர், நாலு குடிக்குச் சேர்த்துப் பேசுகிறவர். அவருடைய தாடி கொஞ்சமும் அசையவில்லை. பின்னால் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்த அச்சிமுகம்மது அதைக் காணவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை. வார்த்தோலில் கத்தியைத் தீட்டிக்கொண்டே உஸ்தாத், உஸ்தாத் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். அவருடைய வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று எல்லாரும் இந்தச் சொல்லை வசை போல வாங்கிக்கொண்டு தலை குனிந்து போனவர்கள். அது கிரீடம் என்று அவர்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

"பாத்தும்மா, நம்மட புள்ளய ஒளிச்சிக் குடுக்கத் தேவல்ல. மாப்புள ஊரறிய இந்த வீட்டுக்கு வரட்டும்."

"ஸுல்பிகாட வாப்பா, ஒண்டு செல்றன் கேளுங்க" என்றாள் அவள். "சொல்லு பெரிய சொல்லா இரிக்கலாம். செல்ற வாய் அதே வாய்தானே."

அவர் கேட்கவில்லை. மறுநாளே தானே மருதமுனைக்குப் போனார். உம்முவின் வாசலில் நின்று, மகள் இங்கே வரமாட்டாள், மாப்பிள்ளைதான் வழக்கப்படி வரவேண்டும் என்றார். மௌலவி சொன்னதையும் ஓர் எழுத்துத் தவறாமல் ஒப்பித்தார். உம்மு நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்டிருந்தாள்.

"அடுத்த மாசம் உங்கட பள்ளியில கந்தூரி வருகுதுதானே. ஊராக்கள் உங்களோட ஒரு சஹன்ல குந்தட்டும். அத எண்ட மகன் பாத்துட்டு வந்து செல்லட்டும். மறுகா நானே அவனக் கூட்டி வந்து உங்கட வீட்டுல உட்டுட்டுப் போறன்."

"குந்துவாங்க" என்றார் அச்சிமுகம்மது.

"குந்தாட்டி?"

பக்கத்தில் நின்ற நூஹுதான் சொன்னான். "நான் குந்துறன் மாமா. முதல்ல நான் குந்தினா மத்தவங்களும் வருவாங்க." மாமா என்று அவன் சொன்னது அதுதான் முதல்தரம். மருதமுனையிலிருந்து வெயிலில் நடந்து வந்த வழி முழுக்க அச்சிமுகம்மதுவுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

கந்தூரி வந்தது. நபி புகழ் பாடும் மௌலூது ஓதி முடிய, பள்ளி வளவில் ஓலைப்பந்தலுக்குக் கீழே பாய்களை விரித்துச் சஹன்களைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். அச்சிமுகம்மது வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியைச் சரிசெய்து, பிஸ்மி சொல்லிக்கொண்டு நடுப்பந்தலில் ஒரு சஹனில் போய்க் குந்தினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஊர் அப்படியொன்றும் வாய்த்துடுக்கான ஊரல்ல. சனம் வந்துகொண்டேயிருந்தது, அவருடைய சஹனைச் சுற்றி வந்து அடுத்ததில் குந்தியது. அவர் இறைச்சி வாசம் ஏறுகிற சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நூஹு வந்தான். வாசலிலேயே அவரைக் கண்டான், நேரே வந்தான், அவருக்குப் பக்கத்தில் குந்தினான். நான் சொல்லுவதை நம்பவேண்டும், அந்தப் பொடியன் குந்தத்தான் செய்தான். அவன் முழங்கால் அச்சிமுகம்மதுவின் முழங்காலில் பட்டது. அந்த ஒரு கணத்தில் அவர் மகளின் கலியாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

இதையெல்லாம் முன்வரிசைச் சஹனிலிருந்து ஹமீட் மரைக்கார் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு இருந்தவர்கள் மௌலவியும் ஊர்ப் பெரியவர்களும். ஆறு பேரும் நிறைந்திருந்தார்கள். மரைக்கார் அதே சஹனில் இருந்த தன் மருமகன் றஸாக்கிடம் கண்ணைக் காட்டினார். றஸாக் எழும்பி வேறு பக்கம் போனான்.

"தம்பி நூஹு" என்று மரைக்கார் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு அன்பு. "இஞ்சால வாங்க மகன். வெளியூர்ப் புள்ள நீங்க, எங்கட விருந்தாளி. எங்கட சஹன்ல ஒராள் குறையிது."

ஒருவனை அடித்து எழுப்பியிருந்தால் அவன் எழும்பாமலும் இருந்திருப்பான். இது மரைக்காரின் சஹன். கூலிக்கு நெய்கிற ஒரு பொடியனுக்கு ஆயுளில் ஒருதரம் கிடைக்கிற இடம். பந்தல் முழுக்க அவனைப் பார்த்தது. அவன் காது சிவந்தது.

"இந்தா வாறன்" என்று அச்சிமுகம்மதுவிடம் மெதுவாகச் சொன்னான். மாமா என்று சொல்லவில்லை. எழும்பிப் போனான். அங்கே குந்தினவன் திரும்பியும் பார்க்கவில்லை.

மௌலவி பார்த்தார். அவர் கைகள் பாயில் ஊன்றின, எழும்பத்தான் போனார். "ஓதுங்க மௌலவி, சனம் பசியோட இரிக்கிது" என்று மரைக்கார் அவர் தொடையில் கையை வைத்தார். மௌலவி ஓதினார். ஓதி முடிய எல்லாருடைய கையும் சோற்றில் இருந்தது. அதற்குப் பிறகு எழும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமைத் தைரியம் அது, பிரசங்க மிம்பர் படி இறங்கினால் முடிந்துவிடும்.

அச்சிமுகம்மது ஆறு பேரின் சோற்றுக்கு முன்னால் ஒற்றை ஆளாகக் குந்தியிருந்தார். கறி கொண்டு வந்தவன் ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாளியோடு நின்றான். எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் கந்தூரிச் சோற்றை விட்டு எழும்புவது பாவம் என்று சின்ன வயதில் படித்தது அவரைப் பிடித்து இருத்தியது. தன் பங்கு என்று அவர் நினைத்த அளவைப் பிரித்துத் தின்றார். மிச்ச ஐந்து பங்கும் குலையாமல் கிடந்தது.

உம்முவிடமிருந்து ஆள் வந்தது. வந்தவள் திட்டவில்லை, நசீபு இல்லை, கொடுத்துவைக்கவில்லை என்று மட்டும் சொல்லிப் போனாள். பழைய ஏற்பாட்டுக்காவது சம்மதிக்கச் சொல்லி பாத்தும்மா ஓடிப்போய்க் கேட்டுப் பார்த்தாள். இப்போது மருதமுனை முழுக்கத் தெரிந்துபோயிற்று, இனி யாரிடம் ஒளிப்பது என்றாள் உம்மு. அவள் சொன்னதும் நியாயம்தான்.

ஹமீட் மரைக்கார் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த ஜும்ஆ முடிய எழும்பி நின்று, மௌலவி சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்றார்.

"உஸ்தாத் எண்டது எவ்வளவு பெரிய சொல்லு. அறியாத்தனமா நாம அதைக் கத்தி புடிக்கிற ஆளுக்குச் செல்லிக்கொண்டு இரிந்திரிக்கிறம். அல்லாஹ் மன்னிக்கணும். இனி இந்த ஊருல மௌலவியத்தான் நாம உஸ்தாத் எண்டு கூப்பிடணும். வேற ஆருக்கும் அந்தச் சொல்லப் பாவிக்கப்படாது."

சனம் ஆமீன் சொன்னது. மௌலவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் தூசு தட்டி எடுத்துக் கொடுத்த சொல்லைத் தனக்கே போர்த்துவார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் அச்சிமுகம்மதுவின் படலையடிக்கு வந்து, நல்லதுக்குத்தான் பேசினேன் என்று சொல்லத் தொடங்கினார். "ஓம் உஸ்தாத்" என்றார் அச்சிமுகம்மது. அதற்கு மேல் அந்த மனிதரால் அங்கே நிற்க முடியவில்லை.

நல்ல விசயங்களில் மெதுவாக நடக்கிற ஊர் இந்த விசயத்தில் ஓடியது. பிள்ளைகள் ஒஸ்தா மாமா என்றால் உம்மாமார் வாயில் தட்டினார்கள். இளக்காரமாக இருந்தாலும் அந்தச் சொல்லின் வாலில் ஒரு மாமா இருந்தது. அதுவும் சேர்ந்து போயிற்று. கத்திக்காரன் என்றார்கள், அந்தாள் என்றார்கள், நேரே கண்டால் ஒன்றுமே சொல்லாமல் தொண்டையைச் செருமினார்கள்.

ஸுல்பிகா அழவில்லை. ஒருநாள் வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது மட்டும் சொன்னாள்.

"நான் ஆர்ர மகள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாம அந்த வீட்டுல இரிந்திருப்பன் வாப்பா. அது எனக்குக் காணும்."

மகளுக்கென்று கட்டிய வீட்டில் ஓர் அறை பூட்டியபடியே கிடந்தது. அதன் பிறகு அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

நூஹு அதே ஊரிலேயே மரைக்காரின் உறவில் ஜெமீலாவைக் கட்டினான். அவளுக்குப் பிரசவ வலி வந்தபோது பாத்தும்மாவைத்தான் கூப்பிட்டார்கள், வேறு ஆள் ஏது. அவள் போய், ஆண்பிள்ளையை எடுத்து, கொடியறுத்து, குளிப்பாட்டி, உம்முவின் மடியில் வைத்துவிட்டு வந்து, தின்னாமல் குடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சில வருசம் கழித்து, பெருவெள்ளம் வந்த காலத்தில், தண்ணீர் வடிந்த பிறகு பரவிய காய்ச்சலில் அவள் மௌத்தானாள்.

அதற்கு அடுத்த வருசம், நோன்புப் பெருநாள் கழிந்து, நூஹு வெற்றிலைச் சுருளோடு படலையடியில் வந்து நின்றான். மகனுக்குச் சுன்னத்து. முறைப்படி வெற்றிலை வைத்துக் கூப்பிடவேண்டும். கூப்பிடத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. வளவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஸுல்பிகா சுளகை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஆரத் தேடுறீங்க?"

"அவர... உங்கட வாப்பாவ."

"அவருக்கு ஒரு பேர் இரிக்கு. அதச் சொல்லிக் கூப்பிடுங்க. வருவார்."

மூத்தவரை வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை. பெயருக்குப் பின்னால் ஓர் உறவு வேண்டும். நூஹுவுக்கு அந்த வீட்டில் இருந்த உறவு ஒன்றேயொன்று, அதை அவன் கந்தூரிப் பந்தலில் விட்டுவிட்டுப் போயிருந்தான். உள்ளே அச்சிமுகம்மது பாயில் நிமிர்ந்து இருந்து காத்திருந்தார். என்ன சொல்லுவான் என்று அறிய அவருக்கு ஆசையாக இருந்தது. வெட்கமில்லாத ஆசை. செருமல் மட்டும்தான் கேட்டது. கடைசியில் அவரே எழும்பி வெளியே வந்து வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

சுன்னத்து வீட்டில் வாசல் நிறையச் சனம். றஸாக்தான் பிள்ளைக்குத் தாய்மாமன் முறை, மடியில் இருத்திப் பிடித்திருந்தான். பிள்ளை மெலிந்த பிள்ளை, நூஹுவின் காது. நடுங்கிக்கொண்டே தகப்பனைப் பார்த்தது.

"வாப்பா, இவர் ஆரு?"

நூஹு சுவரைப் பார்த்தான். ஹமீட் மரைக்கார் தஸ்பீஹ் மணியை உருட்டினார். பிள்ளை திரும்பி அச்சிமுகம்மதுவையே கேட்டது.

"நீங்க ஆரு?"

அச்சிமுகம்மது குனிந்து அதன் கன்னத்தைத் தடவினார். "பயப்புடாதீங்க மகன்" என்றார். "நான் உங்கட..."

நாற்பது வருசமாகச் சொல்லிப் பழகிய நாக்கு அந்த இடத்தில் நின்றுபோயிற்று. பின்னால் யாரோ செருமினார்கள்.

"நான் ஆருமில்ல மகன்" என்றார் அவர். "மேல பாருங்க. கூரையில கிளி."

பிள்ளை மேலே பார்த்தது.